கொடிமலைக் காட்டில் பதினெட்டாவது மரம்

என் நாட்குறிப்பில் ஆடி மாதத்து இரண்டாம் சனிக்கிழமைப் பக்கம் இப்படித் தொடங்குகிறது: "காலை 7.20. கொடிமலைக் காட்டுக்குள் நுழைந்தேன். வழிகாட்டி தேவையில்லை." அதற்குக் கீழே, 9.50க்கு, கோணல் கையெழுத்தில் ஒரு பதிவு: "வழிகாட்டி தேவை."

முருகன் அடியார்களே, இந்த இரண்டு பதிவுகளுக்கும் நடுவில் நான் பட்ட பாட்டையும், அதற்குப் பிறகு கிடைத்த கருணையையும் உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும்.

நான் பினாங்கில், கெலுகோரில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற எழுத்தர். வயது அறுபத்து நான்கு. சர்க்கரை நோயாளி. மழைக்காடுகளைப் பற்றி ஏழு புத்தகங்கள் படித்து, குறிப்பும் எடுத்திருந்தேன். "தனியா போகாதீங்கோ" என்றாள் மனைவி இராஜேஸ்வரி. புத்தகங்களைக் காட்டினேன். "அதுகளையும் தூக்கிக்கொண்டு போங்கோ, துணைக்கு" என்றாள்.

வழி தவறாமலிருக்க ஒரு திட்டம் வைத்திருந்தேன். திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, கடந்து போகும் மரங்களில் மூன்று விரலால் பட்டை போடுவது. எந்த மரம், எத்தனை மணி என்று குறித்துக்கொள்வது. மொத்தம் பதினேழு மரங்கள்.

காட்டின் வாசலிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டேன். உள்ளே போய்ப் பசியாறலாம் என்று ரொட்டிப் பையை ஒரு கல்மேல் வைத்தேன். 7.45க்கு ஒரு குரங்கு அதை எடுத்துக்கொண்டு போனது. ஊசி போட்டவன் சாப்பிடாமல் இருக்கக்கூடாது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். இராஜேஸ்வரி சிரிப்பாளே என்று மேலே நடந்தேன்.

8.30க்கு மழை கொட்டியது. அரை மணி நேரத்தில் விட்டது. திரும்பிப் பார்த்தால் ஒரு மரத்திலும் பட்டை இல்லை. பதினேழையும் குளிப்பாட்டி நிறுத்தியிருந்தது மழை. தொலைபேசியில் சிக்னல் இல்லை. சிறிது நேரத்தில் கை நடுங்கியது, வியர்த்தது, கண் இருண்டது. இது எதில் போய் முடியும் என்று எனக்குத் தெரியும். ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் பிரார்த்தித்தேன். தெரிந்த துதி ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "முருகா, ஒரு வழி காட்டு. அதற்கு முன்னால் ஏதாவது இனிப்புக் கொடு" என்று சத்தமாகச் சொன்னேன். அழுதேன்.

ஊதுபத்தி வாசனை வந்தது.

நடுக்காட்டில் ஊதுபத்தியா? போகிற நேரத்தில் இப்படித்தான் இருக்குமோ என்று பயந்தேன். ஆனாலும் மூக்கு போன பக்கம் தவழ்ந்து போனேன். ஒரு பெரிய பாறை குடை போல நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே, மழை படாமல், மூன்று பட்டையோடு ஒரு மரம். முன்னால் ஒரு சீனப் பெரியவர் பத்தி கொளுத்தி நின்றார். பக்கத்தில் ஒரு தமிழ்ப் பெண், கையில் நடைக்கம்பு. மரத்தடியில் ஒரு தட்டு, அதில் சிவப்பாக நான்கு இனிப்புப் பலகாரம்.

"ஐயோ, என்னாண்ணே இது! பேயடிச்ச மாதிரி இருக்கீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"சுகர்... இறங்கிருச்சு... இனிப்பு..."

பெரியவர் தட்டைக் கையால் மறைத்தார். காட்டைக் காக்கும் டத்தோவுக்குப் படைத்தது, பத்தி பாதியாவது எரியட்டும் என்று மலாயில் சொன்னார்.

"ஆ செங்! டத்தோ பொறுத்துக்குவாருலா! இந்த ஆளு தாங்க மாட்டாரு!"

அவளே ஒன்றை எடுத்து என் வாயில் திணித்தாள். மூன்று தின்றேன். ஆ செங் மரத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். கால் மணி நேரத்தில் எனக்கு உலகம் நேராக நின்றது.

அவள் பெயர் சரோஜா, சுங்கை பினாங்கில் இருக்கிறாள். சனிக்கிழமைதோறும் இருவரும் மலையேறுவார்களாம்.

"கைடு இல்லாம தனியாவா வந்தீங்க?"

"ஏழு புத்தகம் படிச்சேம்மா. ரொட்டியத்தான் குரங்கு தூக்கிட்டுப் போயிருச்சு."

"ஏழுலயும் குரங்கு இல்லியாண்ணே?"

மானத்தைக் காப்பாற்ற நினைத்து, "இந்தப் பட்டையே நான் போட்டதுதான்" என்றேன்.

"சும்மா கதை விடாதீங்க. போன மாசத்துலேருந்து இங்க கும்புட்டுக்கிட்டிருக்கோம். அதப் பாத்துத்தானே டத்தோ இருக்காருன்னு ஆ செங் சொன்னாரு."

குறிப்பேட்டைப் புரட்டினேன். பதினேழு மரங்களில் பாறைக்கடியில் ஒன்றுகூட இல்லை.

பன்னிரண்டு மணிக்கு முன்பே அவர்கள் என்னை ஜாலானில், தார்ச்சாலையில், கொண்டுவந்து விட்டார்கள். இராஜேஸ்வரியிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது நானும் அந்த இருவரோடு போகிறேன். படையலுக்குப் பலகாரம் என் பொறுப்பு. அடியார்களே, உங்களுக்கு நெருக்கடி வந்தால் அழகான சொற்களைத் தேடாதீர்கள். வேண்டியதை வாய்விட்டுக் கேளுங்கள். அனுப்பப்படுகிறவர் எந்த மொழி பேசினாலும் அவர் பின்னால் நடங்கள்.

பதினெட்டாவது மரத்தில் பட்டை போட்டவர் யார் என்று மலையேறுபவர்கள் பலரிடமும் கேட்டுவிட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. என் விரல்களை வைத்தும் பார்த்தேன். அந்தப் பட்டைகள் என் விரல்களைவிட மெலிந்தவை. இதற்கு மேல் எனக்கு எதுவும் உறுதியாகவில்லை.