செண்பகவல்லி திறந்த பெட்டி

தாராவியில் செண்பகவல்லியை ரேடியோக்காரி என்றுதான் சொல்வார்கள். குர்லாவில் ஒரு கம்பெனியில் டிரான்சிஸ்டர் ரேடியோக்களுக்கு ஈயம் பற்றவைக்கிற வேலை. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. சாப்பாட்டு நேரத்தில், ஒதுக்கிப் போட்ட செட்டுகளைப் பிரித்துப் பார்த்து அவளே தெரிந்துகொண்டாள்.

அறுபத்தொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொழுந்தன் நயினார் கிதார் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வந்தான். கல்யாணங்களில் வாசிக்கிற ஒரு பார்ட்டியில் அவன் இருந்தான். சாயங்காலம் செம்பூரில் ரிசப்ஷன்.

"மதினி, உர்ருன்னு இரையுது. கிதார் சத்தமே வரமாட்டேங்கு" என்று பிளக்கைச் செருகிக் காட்டினான். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

"கைய எடு. மொதல்ல பிளக்கப் புடுங்கு. வால்வு இல்லாத டிரான்சிஸ்டர் பெட்டின்னா ஷாக் அடிக்காதுன்னு நெனச்சியோ? கரண்ட் போனாலும் கண்டென்சர் கொஞ்சம் புடிச்சு வச்சிருக்கும்."

அவள் கணவன் கணேசபாண்டியன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தான். "ஊரான் சாமான். கெட்டுப்போனா என்ன செய்வ?"

"கெட்டுத்தான வந்திருக்கு."

அவன் பிளக்கைப் பிடுங்கியதும் பெட்டியைத் திறந்தாள். ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியே பாயாதபடி இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மிச்சக் கரண்ட் வடிய, பிடி போட்ட ஒரு ரெஸிஸ்டரைக் கண்டென்சரின் இரு முனைகளிலும் பொருத்திப் பிடித்தாள். அதில் மாட்டியிருந்த வோல்ட் மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் உள்ளே விரல் வைத்தாள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் சுற்றியிருந்தது. நயினார் தலையைக் குனிந்துகொண்டான். பெரிய கண்டென்சர் உப்பிக் கசிந்திருந்தது.

அதைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். "சோர் பஜார்ல பழைய சாமான் கடைக்கு ஓடு. இதே நம்பரு. வோல்ட் கூட இருக்கலாம், கொறையக் கூடாது. நல்ல ஃபியூஸும் வாங்கிட்டு வா."

மதியம் வந்தான். பிளஸ், மைனஸ் பார்த்து ஈயம் வைத்தாள். நேரே கரண்ட் கொடுக்காமல், இடையில் ஒரு குண்டு பல்பை இணைத்துச் செருகினாள். பல்பு பளிச்சென்று எரிந்தது. கணேசபாண்டியன் பின்னால் நகர்ந்தான். எரிந்த வேகத்திலேயே அது மங்கி அடங்கியது.

"ஷார்ட்னா எரிஞ்சுக்கிட்டே இருக்கும். உள்ள ஷார்ட் இல்ல" என்றாள். பிறகு பல்பை எடுத்துவிட்டு நேரே செருகினாள். நயினார் ஒரு தந்தியை மீட்டினான். இரைச்சல் துளியும் இல்லை. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஈயம் வாசமடிக்கும் விரலால் அவளும் ஒருமுறை மீட்டிப் பார்த்தாள். அந்தச் சந்து முழுக்க அதிர்ந்தது. அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"நீங்களும் வாங்க மதினி. பெட்டி நடுவுல படுத்துட்டா?"

நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள். மேடையோரம் பெட்டியருகே நாற்காலி போட்டார்கள். யாரென்று பெண்வீட்டார் கேட்டபோது, கணேசபாண்டியன் முந்திக்கொண்டு, "பார்ட்டியோட இஞ்சினியர். என் வீட்டுக்காரி" என்றான்.

அதற்குப் பிறகு முகூர்த்த நாட்களில் அவளை வீட்டில் பார்க்க முடிந்ததில்லை.