ரெண்டு நன்மை

தொண்ணூறுகளின் நடுவில் அடையாறில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருந்த சின்ன இஸ்லாமிய ஆரம்பப் பள்ளிக்கு எங்கள் சென்டர் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்து, சனிக்கிழமைகளில் என்னையும் அனுப்பியது. சும்மா இல்லை. முழுப் பரீட்சைக்கு முன் மேனேஜர் வந்து பார்ப்பார். பிள்ளைகள் தேறியிருந்தால் மெஷின் அங்கேயே இருக்கும், இல்லாவிட்டால் வேறு பள்ளிக்குப் போய்விடும்.

ஒரே மெஷின், வகுப்பு நிறையப் பிள்ளைகள். எப்படிச் சமாளிப்பார்கள் என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு. என் வயதே இருந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அலட்டிக்கொள்ளவில்லை. காலையில் குர்ஆன் ஓதும் பாடம் எப்படியோ அப்படியே இதுவும் என்றார். எல்லோரும் பாயில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவராக முன்னால் வந்து ஓதிக் காட்ட வேண்டும். திக்கினால் மற்றவர்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது, சிரிக்கவும் கூடாது. ரேங்க் கிடையாது, விட்ட இடத்திலிருந்து வரிசை தொடரும்.

நான் அவசரக் குடுக்கை. மேனேஜர் வரும் அன்றைக்காவது கெட்டிக்காரப் பிள்ளைகளை முன்னால் விடலாமே என்று கேட்டுப் பார்த்தேன்.

"போன வாரம் நின்ன எடத்துலேர்ந்துதான் மிஸ். மெஷின் போனா போவட்டும், வரிசைய மாத்த வேணாம்" என்றார்.

என் நேரம், மேனேஜர் வந்த அன்று வரிசையில் வந்தது வகுப்பிலேயே மெதுவான பெண். தன் பெயரை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு விரலை நீட்டிக்கொண்டு கீபோர்டு முழுக்கத் தேடினாள். முதல் எழுத்து கிடைத்தது, அடுத்ததைக் காணோம். மேனேஜர் வாட்சைப் பார்த்தார். போய் அவள் விரலைப் பிடித்து அழுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பாயில் ஒரு வாண்டும் வாய் திறக்கவில்லை.

தெரிந்தவர்கள் எடுத்துக் கொடுத்தால் என்ன என்று, அடுத்து வரவேண்டிய சிறுமியிடம் மேனேஜர் கேட்டார்.

"திக்கித் திக்கி ஓதுனா அல்லா கிட்ட ரெண்டு நன்மை கீது சார், ஓதுனதுக்கு ஒண்ணு, கஷ்டப்பட்டதுக்கு ஒண்ணு. அத்த நாங்க இன்னாத்துக்குக் கெடுக்கணும்?"

அது குர்ஆனுக்குத்தானே, கம்ப்யூட்டருக்குமா என்றார் அவர்.

"இதுவும் படிப்புதானே சார்."

மேனேஜர் சிரித்துவிட்டார். ஷூவைக் கழற்றிவிட்டு வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். கடைசி எழுத்தை அடித்ததும் அந்தப் பெண் எங்கள் யாரையும் கண்டுகொள்ளாமல் தன் வகுப்பைத் திரும்பிப் பார்த்தாளே, அந்த முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. மெஷின் அங்கேயே தங்கியது.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. மகன் வாங்கிக் கொடுத்த புது போனில் எதைத் தொடுவது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருக்கும்போதெல்லாம், என் பின்னால் அந்த வகுப்பு சத்தமில்லாமல் பாயில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். விரல் தானாக நிதானத்துக்கு வந்துவிடுகிறது.