கார்த்திகையில் இரண்டு வெள்ளி

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை பார்ப்பது என் வேலை. தினசரி காலண்டரின் ஒவ்வொரு தாளையும் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட வேண்டும். கிழமை, திதி, நட்சத்திரம், ராகுகாலம். பெரிய அறிவெல்லாம் தேவையில்லை, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கத் தெரிந்தால் போதும். எனக்கு அதுதான் தெரியாது.

ஒரு சீசனில், ஆபீசில் ஒரே சத்தம், வீட்டில் வைத்துப் பார்த்துத் தருகிறேன் என்று முதலாளியிடம் கேட்டு, அச்சுக்குப் போகுமுன் திருத்த வேண்டிய புரூப் தாள்களைக் கட்டாக வாங்கிப் போனேன். சனி, ஞாயிறு இரண்டு நாள். திங்கள் காலை கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் எனக்கென்று ஓர் அறை உண்டு. அறை என்று சொல்வது மரியாதைக்கு. மூன்று பாட்டு மட்டும், அதுவும் பாதி பாதி வாசிக்கத் தெரிந்த கித்தார், மீன்தொட்டி, ஆனைக்குட்டம் அணையைப் படம் பிடிக்க வாங்கி இரண்டே முறை பறக்கவிட்ட டிரோன், ஏழு மைப்பேனா, அவற்றுக்கு வேலையே வைக்காத ஒரு டேப்லெட். கவனம் சிதறாமலிருக்க, வெளிச்சத்தம் கேட்காத ஹெட்போன் வேறு. கவனத்தைக் கடையில் விற்கிறார்கள் என்று நம்பிய மடையன் நான்.

சனிக்கிழமை காலை ஹெட்போனை மாட்டினேன். சார்ஜ் இல்லை. சார்ஜ் ஏறும்வரை பேனாக்களைக் கழுவினேன். பிழை திருத்த எது தோது என்று ஏழிலும் சிவப்பு மை ஊற்றி எழுதிப் பார்த்ததில் மணி பதினொன்று. பிப்ரவரி வரை முடித்தபோது மீன்தொட்டி மோட்டார் வேறு மாதிரி சத்தம் போட்டது. அதைக் கழற்றி, பூட்டத் தெரியாமல் வீடியோ பார்த்தேன். அது முடிந்ததும் டிரோன் பேட்டரி பற்றி அடுத்த வீடியோ வந்தது. அதையும் பார்த்தேன்.

மனைவி டீயோடு வந்தாள்.

"ஏங்க, தாளைப் பாக்கணும்னுதான கதவைச் சாத்துனீக?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எதை, மீனையா?"

டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். அவள் சிரிக்கக்கூட இல்லை.

ஞாயிறு மத்தியானம் வரை ஜூனைத் தாண்டவில்லை. மிச்சம் ஆறு மாதத்தையும் சாயங்காலத்துக்குள் புரட்டித் தள்ளினேன். பார்க்கவில்லை, புரட்டினேன். இருப்பதில் விலை கூடிய பேனாவை எடுத்து, அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, தாள்களை வரிசையாக அடுக்கும் பெண் என் மேசைக்கு வந்தார். செல்போனில் பாட்டைப் பாடவிட்டுக்கொண்டே வேலை செய்கிறவர். கையில் இரண்டு தாள்.

"அண்ணே, கார்த்திகையில அடுத்தடுத்து ரெண்டு வெள்ளிக்கெழமை வருதே, சரிதானா?"

சனிக்கிழமைத் தாளில் 'வெள்ளி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ராகுகாலமும் வெள்ளிக்குரியதே. கீழ்த்தளத்தில், எல்லாம் சரி என்று நான் போட்ட கையெழுத்தை நம்பி, அந்தத் தாள் ஆயிரக்கணக்கில் அச்சாகிக் கிடந்தது.

மறுபடி அச்சடித்தார்கள். கட்டிய கட்டுகளை அந்தப் பெண்ணே பிரித்து, பழைய தாளை உருவி, புதியதைச் செருகினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தேன்.

"பாக்காம எப்படிண்ணே கையெழுத்துப் போட்டீக?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அடுத்த கட்டை எடுத்துப் பிரித்தேன்.

முதலாளி கத்தவில்லை. "வீட்ல போயி அம்புட்டுக் கிழிச்சது போதும்ப்பா. இங்கன உக்காரு" என்று தன் கண்ணாடி அறையில் எதிர் நாற்காலியைக் காட்டினார். செல்போனை வாங்கி இழுப்பறையில் வைத்தார்.

இன்றுவரை அங்கேதான் உட்காருகிறேன். நாற்பத்து மூன்று வயதில், வாத்தியார் கண் எதிரே பரீட்சை எழுதுகிறவனைப் போல. கையில் ஒரு சாதாரணப் பால்பாயிண்ட் பேனா. ஒரு வருடக் காலண்டரை ஒன்றரை நாளில் முடித்துவிடுகிறேன், பிழையில்லாமல். இது பலிக்கிறதே என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருக்கிறது.