குழம்பு மட்டும்

லினக்ஸுக்கு மாறி இன்றோடு நாலு நாள். கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்று மதியம் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் மாட்டியவள் ஆபீஸ் தோழி மேரி.

"விண்டோஸ விட்டுட்டேன் லா! இனிமே என் லேப்டாப் என் பேச்சத்தான் கேக்கும்."

"நானும் எறைச்சிய விட்டுட்டேன். நம்ம வாய்க்கு ருசியா இருக்கணும்னு ஒரு உயிரக் கொல்றது தப்புதானே?"

ஒரே மேசையில் இரண்டு ஞானிகள். பக்கத்து மேசைக்காரர்கள் பாவம்.

குழம்பு வாளிகளோடு பரிமாறும் அண்ணன் வந்தார். "சாம்பாரா, ஆட்டுக் கொழம்பா அக்கா?"

மேரி ஒரு நிமிடம் தவித்தாள். பிறகு ரகசியம் போல, "ஆட்டுக் கொழம்புண்ணே. எறைச்சி வேணாம், கொழம்பு மட்டும்."

நான் சிரித்த சிரிப்பில் மோர் மூக்கில் ஏறிவிட்டது. "அந்த ஆடு உன்னை மன்னிச்சிரும் லா!"

அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன் செய்தார். ஆபீஸ் பைல் என் புது லினக்ஸில் திறக்குமா என்று அவருக்குக் கவலை.

"கவலப்படாதீங்க பாஸ். விண்டோஸ இன்னும் அழிக்கல, ஒரு ஓரமா வச்சிருக்கேன்."

போனை வைப்பதற்குள் மேரி கையைத் தூக்கிவிட்டாள்.

"அண்ணே, இவனுக்கும் கொழம்பு மட்டும்!"

நீங்கள் எதை விட்டுவிட்டு எதன் குழம்பை வைத்திருக்கிறீர்கள்? கமெண்டில் வந்து ஒப்புக்கொள்ளுங்கள்.