பத்தரை மணி ஷிப்டு

புத்தகக் கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிட ஆரம்பித்த பிறகு ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. பேனாவில் எழுதுவீர்களா, கம்ப்யூட்டரிலா? மேடையில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் இதற்கு அழகாகப் பதில் சொல்வார்கள். ஒருவருக்குப் பச்சை மசி இல்லாவிட்டால் வரியே ஓடாதாம். இன்னொருவருக்குக் கம்ப்யூட்டரில்தான் மனசும் விரலும் ஒரே வேகத்தில் போகுமாம். எனக்கு அந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. எதில் எழுதினால் என்னை யாரும் கூப்பிட மாட்டார்களோ அதில் எழுதுவேன் என்பேன். கூட்டம் சிரிக்கும். நான் தமாஷுக்குச் சொல்லவில்லை.

திருவொற்றியூர் தேரடியிலிருந்து கடல் பக்கம் போனால் எங்கள் குடியிருப்பு. இரண்டாம் மாடி, ஒரு ஹால், ஒரு அறை, சமையல்கட்டு. கணவருக்கு ராயபுரத்தில் ஒரு சரக்கு ஏஜென்சியில் வேலை. மகள் கல்லூரியில் படித்தாள். ஒன்பதரைக்குள் இருவரும் கிளம்பிவிட்டால் வீட்டில் நானும் மாமனாரும்தான். அவர் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மிஷின் சத்தத்தைத் தவிர மற்றதெல்லாம் அவர் காதில் சுமாராகத்தான் விழும்.

அதுவரை நான் பத்திரிகைகளில் சிறுகதைகள் எழுதிக்கொண்டிருந்தேன். ஆடி மாதத்தில் ஒரு பதிப்பாளர் போன் செய்தார். எண்ணூர் பக்கம் நெட்டுக்குப்பத்தில் இறால் விற்கும் ஒரு பெண்ணைப் பற்றி நான் எழுதிய கதையை நாவலாக்கித் தர முடியுமா என்று கேட்டார். கார்த்திகை முடிவதற்குள் கொடுத்தால் தை மாதப் புத்தகக் கண்காட்சிக்குப் போட்டுவிடலாம், தவறினால் அப்புறம் எப்போது என்று சொல்ல முடியாது என்றார். எனக்கு நாற்பத்தாறு வயது. விட்டால் இன்னொருத்தர் தேடி வந்து கேட்கப்போவதில்லை என்று நன்றாகவே தெரியும்.

சமையல் முடித்து, தண்ணீர் பிடித்து, கொடியில் படிந்த கரித்தூளைத் துடைத்து, துணி காயப்போட்டு முடித்தால் எனக்குக் கிடைப்பது பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும். அந்த இரண்டு மணி நேரத்தை முழுசாகக் கண்டவள் இல்லை நான். முதலில் நோட்டில் பேனாவால்தான் ஆரம்பித்தேன். உட்கார்ந்து நாலு வரி போனதும் ஹாலிலிருந்து குரல் வரும்.

"சும்மாதான குந்திகினு கீற, ஒரு டீ போடும்மா."

டீ போட்டுவிட்டு வந்தால் எதிர்வீட்டுக்காரி. அவள் வண்ணாரப்பேட்டைக் கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுப்பவள். அவள் தையல் மிஷின் ஓடினால் அந்தப் பக்கம் ஈ காக்கை போகாது. ரெண்டு வயசு மகள்கூட அவளை நெருங்கக் கூடாது. நெருங்கினால் அந்தக் குழந்தை எங்கே வரும்? என் மடிக்குத்தான்.

"அக்கா, சும்மாதான கீற? ஒரு அர அவரு பாத்துக்கோ. அர்ஜண்ட் ஆர்டரு."

குழந்தை நல்ல குழந்தை. என் நாவலின் முதல் அத்தியாயத்தை அது முழுசாகத் தின்றது என்பது வேறு விஷயம்.

ஆவணியில் மகளின் லேப்டாப்பை அவள் விடுமுறை நாட்களில் மட்டும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பேனாவைவிட மோசம். திறந்து வைத்த கம்ப்யூட்டருக்கு எங்கள் குடியிருப்பு முழுக்க வேலை வைத்திருக்கிறது. மாமனாருக்குப் பென்ஷன் வந்ததா என்று பார்க்க வேண்டும். கீழ்வீட்டில் ஆதாரில் விலாசம் மாற்ற வேண்டும். ஒருவருக்கு ரேஷன் கார்டு, ஒருவருக்குத் திருத்தணி போக ரயில் டிக்கெட். யாருக்கும் எதுவும் இல்லாத ஒரு நாள் எதிர்வீட்டுக்காரி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னா படம்க்கா ஓடுது?" என்று திரையை எட்டிப் பார்த்தாள். ஒரு மாதத்தில் எல்லோருடைய விலாசமும் சரியானது. என் இறால்காரி மட்டும் முகத்துவாரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றபடியே இருந்தாள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று அம்மா சொல்வாள். அந்தக் கோபத்தோடுதான், ரிப்பேரான மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு காயலான் கடைக்குப் போனேன். அங்கே பழைய மின்விசிறிகளுக்கு நடுவில் ஒரு தமிழ் டைப்ரைட்டர். கல்யாணத்துக்கு முன்னால் தமிழ் டைப்பிங்கில் லோயர் பாஸ் செய்தவள் நான். விரலை வைத்தேன். எல்லா எழுத்தும் அதனதன் இடத்தில் இருந்தது, என் விரலும் மறக்கவில்லை.

"எடுத்துக்கோங்கம்மா," என்றார் கடைக்கார பாய். "இங்கிலீஷ் மிஷினுன்னா ஓட்டல்ல ஷோவுக்கு வாங்கிகினு போயிடறாங்க. தமிழ எவனும் கேக்க மாட்றான். மிக்ஸிக்குப் பதிலா எடுத்துகினு போங்க, ரிப்பன் ரெண்டு கீது, அதுவும் தரேன்."

ஷேர் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். சாயங்காலம் கணவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். பேனா கோணல், லேப்டாப்பு கோணல், இப்ப இது. அடுத்து இன்னா, கல்வெட்டா?"

அன்றைக்கு அவருக்கு ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கலாக விழுந்தது.

மறுநாள் பத்தரைக்கு அறையில் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தேன். கட்டிடமே கேட்கிற சத்தம். ஒரு வரி முடிந்தால் மணி அடிக்கும், மேல்பகுதியைத் தள்ளினால் கரகரவென்று திரும்பும். மாமனார் என்ன சொல்லப் போகிறாரோ என்று பயந்துகொண்டேதான் அடித்தேன். ஹாலில் டி.வி. சத்தம் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலில் எதிர்வீட்டுக்காரியின் குரல்.

"நைனா, அக்கா கீதா? புள்ளய கொஞ்சம்..."

"கீது. மிஷின்ல கீது."

"ஒரு அஞ்சு நிமிசம்தான் நைனா."

"மிஷினு ஓடிகினு கீறப்போ ஆளை இழுக்கக் கூடாதும்மா. கை மாட்டிக்கும். வேலை முடியட்டும், பன்னெண்டரைக்கு வா."

நான் விரலை அந்தரத்தில் வைத்தபடி அப்படியே இருந்தேன். பதினொரு வருஷமாக எழுதுகிறேன். அந்த வீட்டில் அதை ஒருவரும் வேலை என்று சொன்னதில்லை.

அதற்கப்புறம் எனக்கு ராஜ மரியாதைதான். பத்தரை ஆனால், "ஷிப்டு ஆயிட்சு," என்பார் மாமனார். மிஷினுக்கு எண்ணெய் போடுவார், தூசி தட்டுவார். டீக்கடையில் போய், என் மருமக வூட்டாண்டயே மிஷினு போட்டு வேலை பாக்குது என்று சொல்லிவிட்டு வருவார். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களை எல்லாம் பன்னிரண்டரைக்கு வரச்சொல்லி அனுப்புவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே, என் பூசாரி கடைசியில் மனசு வைத்துவிட்டார்.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். யோசிக்க இரண்டு நிமிஷம் நிறுத்தினால் அறை வாசலில் ஒரு தலை எட்டிப் பார்க்கும். "இன்னாமா, நின்னுட்சா?" அதனால் அடுத்த வரி தோன்றும் வரை மளிகைச் சாமான் பட்டியலை அடித்துக்கொண்டிருப்பேன். துவரம்பருப்பு ஒரு கிலோ, புளி அரைக்கிலோ, சீரகம், சோப்பு. புளி வரைக்கும் போவதற்குள் பெரும்பாலும் வரி வந்துவிடும். சில நாள் கடையையே காலி செய்ய வேண்டியிருக்கும். பதிப்பகத்தில் என் தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பெண் ஒன்பதாம் அத்தியாயத்தில் அரைக்கிலோ புளியையும் சேர்த்தே ஏற்றிவிட்டாள். திருத்தும்போது பார்த்து எடுத்தேன்.

சிரித்தாலும் உள்ளுக்குள் எனக்கு எரிச்சல் இருந்தது, அதை மறைப்பானேன். நான் பேனா பிடித்தாலும் அதே கதைதான், அதே தலைதான். என் தலைக்குக் கிடைக்காத மரியாதை காயலான் கடை இரும்புக்குக் கிடைத்தது. வேலை நடக்க வேண்டுமே என்று அந்த இரும்புக்கு நன்றி சொல்லிக்கொண்டே திட்டிக்கொண்டும் இருந்தேன்.

கார்த்திகை முடிய மூன்று நாள் இருந்தது. கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. காலையில் உட்கார்ந்து அரைப்பக்கம் அடித்திருப்பேன், மேல்பகுதியை இழுக்கும் பட்டை பட்டென்று அறுந்தது. சத்தம் நின்ற நிமிஷமே மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். மிஷினை ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போய், செய்தித்தாள் விரித்து, பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார்.

"பட்டை போயிட்சு. தேடிப் புடிச்சு போடணும். நாலஞ்சு நாளு ஆவும்மா."

"மூணு நாள்தான் மாமா இருக்கு!"

கத்திவிட்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. அவர் திருப்புளியைத் தேடினார். எனக்கு அழுகை வந்தது. நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய் உட்கார்ந்தேன். சத்தம் இல்லை, இனி என்ன நடக்கும் என்று தெரியும். முதலில் டீ, அப்புறம் குழந்தை, அப்புறம் அடுத்த வருஷம்.

பத்து நிமிஷம் ஆனது. டீ கேட்கவில்லை. ஒரு பத்தி எழுதினேன். இன்னும் ஒரு பத்தி. அப்போது வாசலில் எதிர்வீட்டுக்காரியின் செருப்புச் சத்தம் கேட்டது. போச்சு என்று பேனாவை மூடினேன்.

"நைனா, மிஷினு ரிப்பேராமே? அக்கா சும்மாதான கீது, புள்ளய கொஞ்சம் பாத்துக்கச் சொல்லேன்."

"யாரு சொன்னது சும்மா கீதுன்னு?"

"சத்தமே காணமே நைனா."

"இத பாரு," என்றார் மாமனார். திருப்புளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. "மிஷினு ஓடிகினு கீற வரைக்கும் ஃபிட்டருக்கு இன்னா வேலை? டீ குடிப்பான். மிஷினு நின்னாதான் அவனுக்கு வேலையே. காதை வச்சிகினு கம்முனு நிப்பான், எங்க கோளாறுன்னு யோசிப்பான். பாக்குறவனுக்கு சும்மா நிக்கிற மாதிரிதான் தெரியும். புதுசா வந்த சூப்ரவைசரு ஒருத்தன் என்னியே கேட்டான், இன்னா நின்னுகினே தூங்குறியான்னு. எப்படி இருந்திருக்கும் எனக்கு? இத்தினி நாளு நானும் அந்த சூப்ரவைசரு மாதிரியே இருந்துட்டேன். உள்ள அது எழுதிகினு கீது. அப்பால வா. புள்ளய என்னாண்ட உட்டுட்டுப் போ."

எதிர்வீட்டுக்காரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சரி நைனா," என்றாள். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும், திரும்பிப் போன சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன். நாவல் அப்போது முடியவில்லை, ஆனால் ஜெயித்தது அந்த நிமிஷம்தான். பேனாவைத் திறந்தேன். அன்றைக்கு யோசிப்பதற்காக நான் மளிகைக் கடைக்குப் போகவில்லை. வேண்டிய மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அதுகூட எனக்குத் தொந்தரவாக இல்லை. ஆடியிலிருந்து தண்ணீரில் நின்ற என் இறால்காரி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கரையேறினாள்.

கார்த்திகை கடைசி நாளன்று நாவல் பதிப்பாளர் கைக்குப் போனது, தையில் புத்தகமாக வந்தது. பட்டையும் கிடைத்து மிஷின் நன்றாக ஓடுகிறது. ஆசை வந்தால் அடிப்பேன். பெரும்பாலும் நோட்டுதான், திருத்துவது லேப்டாப்பில். எல்லாவற்றுக்கும் பத்தரை மணி ஷிப்டு ஒன்றுதான்.

பட்டை அறுந்த மூன்றாம் நாள் பன்னிரண்டு மணி இருக்கும், கடைசி வரியை எழுதிவிட்டு வெளியே வந்தேன். மாமனார் ஹாலில் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுக் குழந்தை அவர் தொடையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, முடிஞ்சிடுச்சு."

"ஷிப்டா? இன்னும் நேரம் கீதே."

"நாவலே முடிஞ்சிடுச்சு மாமா."

குழந்தையின் தலையை மெதுவாக எடுத்துத் தலையணையில் வைத்துவிட்டு எழுந்தார். டீ கேட்கப் போகிறார் என்று நினைத்து நான் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினேன்.

"நீ எங்க போற?" என்றார். "சும்மா குந்தும்மா. நான் போடறேன்."

உட்கார்ந்தேன்.