இடப்பக்கம் விட்ட இடம்

லிஃப்ட் மெக்கானிக் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ஆனால் பாதியில் நின்ற எந்த லிஃப்டையும் அவன் விட்டதில்லை. நீச்சலைக்கூடக் காசு கொடுத்துக் கற்கவில்லை. தண்ணீர் குடித்துத்தான் கற்றான். அப்படிக் கற்றவன்தான் கடைசிவரை தாங்குவான், அடித்துச் சொல்லலாம்.

டிரையத்லான் ஆசையை மூட்டியவன் மனைவியின் தம்பி. ஏரியில் நீந்தி, கையோடு சைக்கிள் மிதித்து, அப்புறம் ஓடவும் வேண்டும், எல்லாம் ஒரே நாளில். "மாமா, உங்க தொப்பை முதல்ல கரையேறிடும், நீங்க பின்னால வருவீங்க" என்று சீண்டிச் சீண்டியே இழுத்துவிட்டான்.

பயிற்சிக்கென்று தனியாக நேரம் ஏது? பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குச் சைக்கிளிலேயே போனான். லிஃப்டைச் சரிசெய்துவிட்டு மாடிப்படியில் ஓடினான். "நீங்க பண்ண ரிப்பேர் மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?" என்று வாட்ச்மேன்கள் கேலி செய்தார்கள்.

விடியலில் ஏரி. மைத்துனன் எப்போதும் இடப்பக்கம். அவன் முகத்தைப் பார்த்தபடியே இவன் மூச்சு எடுப்பான்.

ஒரு நாள் சாலைத் திருப்பத்தில் லாரி மோதி மைத்துனன் போய்விட்டான்.

பந்தயத்துக்கு இருவர் பேரும் கொடுத்தாகிவிட்டது. மெக்கானிக் விலகவில்லை. ஆனால் இடப்பக்கம் திரும்புவதை விட்டுவிட்டான்; மூச்செல்லாம் வலப்பக்கம்தான். நீரில் தலை அமிழ்ந்தாலே பக்கத்தில் இன்னொரு கை தண்ணீரை வெட்டும் சத்தம் கேட்டது. நிறுத்தினால் நின்றது. நீந்தினால் கூடவே வந்தது.

மனைவி கரையில் நிற்பாள். அவள் பையில் இன்னமும் இரண்டு துண்டுகள் இருந்தன. அதைப் பற்றி இருவரும் வாய் திறந்ததில்லை.

நாளுக்கு நாள் அவன் வலப்பக்கமாக ஒதுங்கினான். நேராகப் போகவேண்டிய மிதவைக்குச் சுற்றி வளைத்துப் போனான். பந்தயத்தில் இப்படிச் சுற்றினால் கெடு நேரம் கடந்துவிடும், படகில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். மைத்துனனின் ஆசையும் அதோடு மூழ்கிவிடும் என்ற பயம் அவனை அரித்தது. தோளில் கோளாறு என்று தைலம் தேய்த்தான்.

பந்தயத்துக்கு முந்தின வாரம் மனைவி சொன்னாள்: "தோள்ல ஒண்ணுமில்லங்க. அவனுக்கு எடம் விட்டு நீந்துறீங்க."

அவன் ஏரியில் இறங்கினான். சத்தம் கூடவே வந்தது. பாதி ஏரியில் இடப்பக்கம் திரும்பி மூச்செடுத்தான். வெறும் தண்ணீர். மறுபடி திரும்பினான். மறுபடியும் தண்ணீர்தான். சத்தம் அவனுடைய கையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. மிதவைக்கு நேராகப் போய்த் திரும்பினான்.

கரையேறியவனிடம் அவள் மெல்லக் கேட்டாள்: "பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"இருந்தானா?"

அவன் தலையாட்டினான், இல்லையென்று.

அவள் பைக்குள் கைவிட்டு, இத்தனை மாதமாக மடிப்புக் கலையாத அந்த இரண்டாவது துண்டை உதறி, அவன் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.