ஆய்வுக் கழகம் வந்த செவ்வாய்க்கிழமை

அது செவ்வாய்க்கிழமைதான். அம்மா இன்றைக்கும் புதன் என்கிறார். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. நான் நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். மாமாவுக்கு ஈப்போ பட்டறையில் செவ்வாய்தோறும் விடுப்பு. அன்று மாமா வீட்டில் இருந்தார் என்பதை அம்மாவும் மறுப்பதில்லை. ஆகவே செவ்வாய்.

செமோரைத் தாண்டி எங்கள் தோட்டம் இருந்தது. ரப்பர் மரங்களில் பாதியை வெட்டிச் செம்பனை வைத்துவிட்டார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வரிசை வீடுகளையும் இடிக்கப்போகிறார்கள் என்று பேச்சு. அந்த நேரம் பார்த்துத்தான் கோலாலம்பூரிலிருந்து ஆய்வுக் கழகத்து ஆட்கள் வருகிறார்கள் என்ற செய்தி வந்தது.

அந்தக் கழகத்தைப் பற்றிப் பிற்காலத்தில் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். சுதந்திரம் வாங்கிய நாடு வளர்ச்சித் திட்டங்கள் போட ஆரம்பித்தது. மக்கள் உண்மையில் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது திட்டம் போடுகிறவர்களுக்குத் தெரியவில்லை. அதைப் போய்க் கேட்டு வந்து சொல்வதற்கென்றே உண்டான கழகம் அது. கழகத்தால் ஒரு சாலை போட முடியாது, ஒரு வீடு கட்ட முடியாது, யாரையும் பிடித்துக்கொண்டு போகவும் முடியாது. கேட்கலாம், எழுதலாம், மேலே பரிந்துரைக்கலாம். அவ்வளவுதான் அதன் பலம். எங்கள் லயனில் இதை அறிந்தவர் ஒருவரும் இல்லை. அறிந்தவராகத் தன்னை நினைத்துக்கொண்டவர் மாமா.

"வூட்டுக்கு வூடு ஆள எண்ணப் போறாங்களாம். எதுக்கு எண்ணுறாங்க? எத்தன லோரி வேணும்னு பாக்கத்தான்."

"வாய மூடுண்ணே. பிள்ள கேக்குது," என்றார் அம்மா. ஆனால் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டார்.

லோரி என்றால் எங்களுக்கு அர்த்தம் இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் அடையாளப் பத்திரம் இல்லாத வேலையாட்களை ஒரு விடியலில் லோரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். எங்கள் வீட்டில் பத்திரம் இல்லாதவர் சின்னம்மா, அம்மாவின் கடைசித் தங்கை. இதே லயனில் பிறந்தவர்தான், ஆனால் பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் ஐசி என்ற அடையாள அட்டையும் இல்லை. செமோரில் ஒரு தொழிற்சாலை அவரை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, ஐசியைக் கேட்டு, வாசலிலேயே திருப்பி அனுப்பியது. அன்றிலிருந்து எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் சோற்றுக் கையோடு எழுந்து பின்பக்கம் போய்விடுவார்.

அன்று வண்டி எங்கள் லயனுக்கே வந்தது. அம்மா சின்னம்மாவைக் குளியலறைக்குள் தள்ளினார். அடுத்து என் பக்கம் திரும்பினார்.

"இவள முன்னால நிக்க வெச்சா தொலஞ்சோம். கேக்காததுக்கும் பதில் சொல்லுவா."

நானும் உள்ளே போனேன். சின்னம்மா தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு என் வாயைப் பொத்திக்கொண்டார். குளியலறை என்பது சமையலறையை ஒட்டிய பலகைத் தடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவே. வந்தவரை முன்வாசல் அஞ்சடியிலேயே உட்காரவைத்துப் பேசி அனுப்பிவிடுவதாக மாமாவின் திட்டம்.

வந்தவர் உட்காரவில்லை. இளம்பெண், தமிழ்ப் பெண். குரல் நேராகச் சமையலறைக்கு வந்தது.

"அடுப்பு கேஸாக்கா, விறகா? தண்ணி கொழாய் வெளியவா? குளிக்கிற எடத்தயும் பாத்துடறேனே."

பலகை இடுக்கில் சேறு அப்பிய வெள்ளைச் சப்பாத்து அணிந்த கால்கள் இரண்டு தெரிந்தன. கதவுக்கு நேரே நின்றன.

"உள்ள பிள்ள குளிக்குதும்மா!" என்று கத்தினார் அம்மா.

சின்னம்மா குவளையை எடுத்துக் கவுனோடு நின்ற என் தலையில் தண்ணீரைக் கொட்டினார். மறுபடி கொட்டினார். குளிரும் பயமும் சேர்ந்து எனக்கு மூச்சே வரவில்லை.

"குளிக்கட்டும்கா, அவசரமில்ல. நான் இங்கியே உக்காந்துக்கறேன்."

பெஞ்சு கிறீச்சிட்டது. கேள்விகள் தொடங்கின. யார் என்ன வேலை, யார் எதுவரை படித்தது, மோட்டார் சைக்கிள் இருக்கிறதா, தொலைக்காட்சி இருக்கிறதா.

"இருக்கு தங்கச்சி," என்றார் மாமா. "படம் மட்டும் வராது. சத்தம் வரும். நாங்க அத ரேடியோவுல சேத்துட்டோம்."

அந்தப் பெண் சிரித்தார். இவ்வளவு நல்ல சிரிப்பை வைத்துக்கொண்டா லோரிக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் பயமாயிற்று. பிறகு அவர் குரல் தணிந்தது.

"அக்கா, இந்த வூட்டுல ஐசி, பொறந்த பத்திரம் இல்லாதவங்க யாராச்சும் இருக்காங்களா? பேரு வேணாம். எத்தன பேரு இப்படி இருக்காங்கன்னு தெரிஞ்சாதான், இவங்களுக்குப் பத்திரம் செஞ்சு குடுங்கன்னு நாங்க மேல எழுத முடியும். யாரும் சரியா சொல்ல மாட்டேங்கறாங்க."

என் தலையிலிருந்து நீர் சொட்டும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

சின்னம்மாவின் கை என் வாயிலிருந்து விலகியது. மெதுவாகக் கதவுக்குப் போயிற்று. விரல்கள் தாழ்ப்பாளின் மேல் படிந்து அங்கேயே நின்றன. இரும்பு திறக்கும் பக்கமாக ஒரு நூல் அளவு நகர்ந்தது.

"எங்க வூட்டுலயா?" என்றார் மாமா. "எல்லாரும் நீல ஐசிதான், குடியுரிமக்காரங்க."

"நீங்க சொல்லுங்கக்கா," என்றது அந்தக் குரல்.

"இல்லம்மா," என்றார் அம்மா. "அப்படி யாரும் இல்ல."

சின்னம்மாவின் விரல்கள் உடனே விலகவில்லை. வெள்ளைச் சப்பாத்துகள் திரும்பி, முன்வாசலுக்குப் போய், வண்டி கிளம்பி அதன் சத்தம் சாலையில் தேய்ந்த பிறகும் அந்த விரல்கள் தாழ்ப்பாளின் மேலேயே இருந்தன. எனக்கு நடுக்கம் அடங்கத் தொடங்கியது. ஆபத்து முழுதும் விலகும்வரை கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரே, இவரைப்போல் கெட்டிக்காரர் இந்த லயனிலேயே இல்லை என்று நினைத்து, நனைந்த கைகளால் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.